கட்டாயக் காப்புறுதி: கேட்கும் வயதில் கிடைக்கிறதா?

கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ பதிவு செய்யும்போது முதலில் அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். மைகாட் காட்டும் குடிமகனுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். கடப்பிதழ் காட்டும் வெளிநாட்டவருக்கு 40 ரிங்கிட். நிபுணத்துவ மருத்துவரைப் பார்க்கக் குடிமகனுக்கு 5 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு 120 ரிங்கிட். வெளிநாட்டவர் வார்டில் சேர வேண்டுமானால் முன்பணமும் கட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பில் மருத்துவச் சிகிச்சைக்கு 1,400 ரிங்கிட், அறுவைச் சிகிச்சைக்கு 2,800 ரிங்கிட் என்பது 2017இல் நடைமுறைக்கு வந்த அளவு.

வெளிநாட்டவருக்கான கட்டணச் சலுகையை அரசாங்கம் 2015 தொடங்கிப் படிப்படியாக நீக்கியது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனையில் வெளிநாட்டவர் முழுச் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தச் செலவை யார், எப்படி ஏற்பது என்ற கேள்வி மூன்று வகை வெளிநாட்டவருக்கு மூன்று விதமாகப் பதில் பெற்றிருக்கிறது. அவர்களில் ஒரு வகையினர் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானவர்கள்.

பணி ஓய்வு பெற்றவர்

முதல் வகையினர், ஓய்வுக்காலத்தைக் கழிக்க மலேசியாவைத் தேர்ந்தெடுக்கும் வசதியுள்ள வெளிநாட்டவர். 1996இல் 'சில்வர் ஹேர்' என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2002இல் 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' என்று பெயர் மாறியது. 2021இல் நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. மாத வருமானம் 40,000 ரிங்கிட், நிரந்தர வைப்புத் தொகை 10 லட்சம் ரிங்கிட் என்ற அந்த அளவுகோல் பலரைப் பின்வாங்கச் செய்தது. பின்னர் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என மூன்று நிலைகள் அறிமுகமாகின. வைப்புத் தொகை முறையே 1,50,000, 5,00,000, 10,00,000 அமெரிக்க டாலர்.

மருத்துவக் காப்புறுதி இத்திட்டத்தின் நிபந்தனைகளில் ஒன்று. இருந்தாலும், வயது அல்லது நோய் காரணமாகக் காப்புறுதி வாங்க முடியாத விண்ணப்பதாரருக்கு விலக்கு அளிக்க இத்திட்டம் இடம் வைத்திருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. இவர்களுக்குப் பின்னால் வைப்புத் தொகை இருக்கிறது. ஓராண்டுக்குப் பிறகு அதில் பாதி வரை மருத்துவச் செலவு உள்ளிட்ட குறிப்பிட்ட தேவைகளுக்கு எடுக்கலாம். ஆக, காப்புறுதி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக் கட்டணம் நிலுவையில் நிற்காது.

உழைக்க வந்தவர்

இரண்டாம் வகையினர் அந்நியத் தொழிலாளர்கள். பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் கிள்ளான் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள். 2011 ஜனவரி 1 முதல் இவர்களுக்கு மருத்துவமனைக் காப்புறுதி கட்டாயமானது. ஆண்டு பிரிமியம் 120 ரிங்கிட், காப்பீட்டு வரம்பு 10,000 ரிங்கிட் என்று தொடங்கியது. வரம்பு பின்னர் 20,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. வேலையிடத்தில் ஏற்படும் காயங்களுக்கு 2019 முதல் சொக்சோ பாதுகாப்பும் சேர்ந்தது.

120 ரிங்கிட்டுக்கு இது எப்படிச் சாத்தியமானது? சேர்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். பொமெமா மருத்துவப் பரிசோதனையில் தேறிய பிறகே வேலையில் நீடிக்கிறார்கள். லட்சக்கணக்கானோர் ஒரே திட்டத்தில் இருப்பதால் ஒருவரின் செலவைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள். கட்டாயக் காப்புறுதி எங்கே எளிதாக நடக்கும் என்பதற்கு இது உதாரணம்.

பிள்ளைகளோடு இருக்க வந்தவர்

மூன்றாம் வகையினரைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பிள்ளைகளைப் பார்க்க வந்து, நீண்டகாலச் சமூக வருகை அனுமதியில் தங்கும் பெற்றோர் இவர்கள். தகவல் தொழில்நுட்ப வேலைக்காக வந்த மகன், மலேசியரை மணந்துகொண்ட மகள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படும் வீடு என்று காரணங்கள் பல. காலையில் துன் சம்பந்தன் சாலையில் நடைப்பயிற்சிக்கும், மாலையில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்கவும் வரும் முதியவர்களில் இவர்களும் உண்டு.

இரண்டாவது இல்லத் திட்டத்தின் காப்புறுதி நிபந்தனையும் அந்நியத் தொழிலாளர் காப்புறுதியும் இவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. இவர்களுக்குப் பின்னால் டாலர் வைப்புத் தொகையும் இல்லை. நோய் வந்தால் பிள்ளையின் சம்பளம்தான் காப்புறுதி. பக்கவாதமோ மாரடைப்போ வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், வெளிநாட்டவர் கட்டணத்தில் ஒவ்வொரு நாளும் கணக்கு ஏறும். தனியார் மருத்துவமனை என்றால் முன்பணமே பெரும் தொகையாக இருக்கும்.

'அப்படியானால் இவர்களுக்கும் கட்டாயமாக்கிவிட வேண்டியதுதானே' என்பது இயல்பாக எழும் கேள்வி. பதில் அவ்வளவு எளிதல்ல.

கடையில் இல்லாத சரக்கு

மலேசியச் சந்தையில் உள்ள மருத்துவக் காப்புறுதிகளில் புதிதாகச் சேர வயது வரம்பு உண்டு. 60, 65, 70 என்று திட்டத்துக்குத் திட்டம் அது மாறும். இளம் வயதில் சேர்ந்தவர் 80 வயதுக்கு மேலும் புதுப்பிக்க முடியும். 70 வயதில் புதிதாக வருபவருக்குக் கதவு திறப்பது அரிது. திறந்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பாதுகாப்பு கிடைக்காது. பொதுவான நோய்களுக்கு முதல் 30 நாள்களும், இரத்த அழுத்தம், இனிப்பு நீர், இருதய நோய், கட்டி, கல் போன்ற குறிப்பிட்ட நோய்களுக்கு முதல் 120 நாள்களும் காத்திருப்புக் காலம் என்பது இங்கு வழக்கமான விதி.

நடுத்தர வயதைத் தாண்டிய எத்தனை பேர் இரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் இல்லாமல் இருக்கிறார்கள்? எந்த நோய்க்குப் பயந்து காப்புறுதி தேடுகிறார்களோ, அந்த நோயையே பத்திரம் ஒதுக்கி வைக்கிறது. இந்த நிலையில் கட்டாயம் என்று ஓர் உத்தரவு போட்டால், பெற்றோர் கையில் ஒரு பத்திரம் இருக்கும். சிகிச்சைக்கு அது உதவாது. அல்லது அனுமதியே மறுக்கப்பட்டு, வயதானவர் ஊரில் தனியாக இருக்க நேரிடும்.

உள்நாட்டு முதியோரே பிரிமியம் உயர்வால் தடுமாறுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2024 டிசம்பர் 20ஆம் தேதி பேங்க் நெகாரா ஓர் இடைக்கால ஏற்பாட்டை அறிவித்தது. பிரிமியம் உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். 60 வயதும் அதற்கு மேலும் ஆகி, தம் திட்டத்தின் மிகக் குறைந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஓராண்டுக்கு உயர்வை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். பல்லாண்டுகள் சந்தா கட்டிய குடிமக்களுக்கே இத்தகைய தலையீடு தேவைப்பட்டிருக்கிறது என்றால், புதிதாக வரும் வெளிநாட்டு முதியவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அண்டை நாட்டின் அனுபவம்

தாய்லாந்து இந்த வழியில் முன்பே நடந்து பார்த்தது. 50 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கான ஓராண்டு ஓய்வு விசாவுக்கு, 2019 அக்டோபர் 31 முதல் மருத்துவக் காப்புறுதி கட்டாயமானது. வெளிநோயாளர் சிகிச்சைக்கு 40,000 பாத், உள்நோயாளர் சிகிச்சைக்கு 4 லட்சம் பாத் பாதுகாப்பு கேட்கப்பட்டது. பின்னர் அது 30 லட்சம் பாத்தாக உயர்த்தப்பட்டது. கட்டணம் செலுத்தாமல் போகும் வெளிநாட்டு நோயாளிகளால் அரசு மருத்துவமனைகளுக்கு ஏற்படும் இழப்பைத் தடுப்பதே நோக்கம்.

விளைவு இரண்டு விதமாக இருந்தது. இளையவர்களும் ஆரோக்கியமானவர்களும் காப்புறுதி வாங்கினார்கள். வயதும் நோயும் கூடியவர்களில் பலர், வங்கியில் 8 லட்சம் பாத் காட்டினால் போதும், காப்புறுதி வேண்டாம் என்ற வேறு விசா பிரிவுக்கு மாறினார்கள். அதாவது, மருத்துவமனைக்கு அதிகம் போகக்கூடியவர்களே விதிக்கு வெளியே நின்றார்கள்.

கனடாவின் கதை வேறு. பெற்றோருக்கான சூப்பர் விசாவை 2011இல் கொண்டுவந்த அந்நாடு, ஒரு லட்சம் கனடிய டாலர் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. டொரோண்டோ தமிழர்கள் பலர் பெற்றோரை அழைத்துக்கொண்டது இந்த வழியில்தான். ஒரு முறை நுழைந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். ஆனால், அங்கே முதிய வருகையாளருக்கென்றே காப்புறுதி விற்கும் சந்தை உருவாகியிருக்கிறது. கூடுதல் பிரிமியத்தில், கட்டுப்பாட்டில் உள்ள பழைய நோய்களுக்கும் சில திட்டங்கள் பாதுகாப்பு தருகின்றன. விலை அதிகம் என்றாலும் பொருள் கிடைக்கிறது.

ஸ்பெயின் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. ஓராண்டு பதிவு செய்து வாழ்ந்த வெளிநாட்டவர், வேறு பாதுகாப்பு இல்லாவிட்டால், மாதக் கட்டணம் கட்டி அரசின் பொது மருத்துவத்தில் சேரலாம். 65 வயதுக்குக் கீழ் 60 யூரோ, அதற்கு மேல் 157 யூரோ. பழைய நோய் இருக்கிறது என்று யாரையும் ஒதுக்குவதில்லை.

மலேசியாவுக்குப் பொருந்துவது எது?

தொழிலாளர் திட்டத்தை அப்படியே பெற்றோருக்கு நீட்டிக்க முடியாது. முதியோர் மட்டும் சேரும் திட்டத்தில் 120 ரிங்கிட் கணக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. குடிமக்களின் மானியத்தில் பங்கு கேட்பதும் முறையல்ல; அரசு மருத்துவமனைகளின் நெரிசல் யாவரும் அறிந்ததே.

ஆனால், வசதியுள்ள ஓய்வாளருக்கு அரசாங்கம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கொள்கை ஒன்று இருக்கிறது: காப்புறுதி கிடைக்காவிட்டால் வைப்புத் தொகை அந்த இடத்தை நிரப்பலாம் என்பது. அதே கொள்கையைச் சிறிய அளவில் பெற்றோருக்கும் பொருத்தலாம். அனுமதி கேட்கும் பிள்ளை, மருத்துவத்துக்கு மட்டுமே எடுக்கக்கூடிய ஒரு நியாயமான தொகையை வங்கியில் வைப்பது. பெற்றோர் ஊர் திரும்பும்போது மிச்சத்தை மீட்டுக்கொள்வது. அதைக் கட்ட முடியாதவருக்கு ஸ்பெயின் போல, மானியம் கலக்காத மாதக் கட்டணத்தில் அரசு மருத்துவமனைச் சேவை. இவற்றோடு காப்புறுதி வாங்க முடிந்தவர் வாங்கிக்கொள்ளலாம். மூன்றில் ஒன்று கட்டாயம் என்றால் அது நிறைவேற்றக்கூடிய கட்டாயம். மருத்துவமனைக்கும் பாக்கி நிற்காது, குடும்பமும் ஒரே நாளில் கடனில் விழாது.

பயணச்சீட்டு எடுக்கும் முன்

கொள்கை மாறும்வரை பெற்றோரை அழைக்கும் குடும்பங்கள் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பயணக் காப்புறுதி அவசரச் சிகிச்சைக்கானது; பழைய நோயையும் தொடர் மருத்துவத்தையும் அது பெரும்பாலும் ஏற்காது. அதில் வயது வரம்பும் எத்தனை நாள் தங்கலாம் என்ற வரம்பும் உண்டு. இந்தியாவில் 65 வயதுக்கு மேற்பட்டோரும் மருத்துவக் காப்பீடு வாங்க 2024 ஏப்ரல் 1 முதல் வழி திறந்திருக்கிறது. என்றாலும், அங்கு வாங்கும் சாதாரணத் திட்டங்கள் இந்திய மருத்துவமனைகளுக்கு மட்டுமே செல்லும். 70 வயதைக் கடந்தோருக்கான ஆயுஷ்மான் பாரத் அட்டையும் அப்படித்தான். ஆகவே, நெருக்கடி கடந்த பின் நோயாளியை ஊருக்கு அழைத்துச் சென்று சிகிச்சையைத் தொடர்வதா என்பதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. அந்தக் காப்பீடு இங்கு இருக்கும் காலத்தில் காலாவதியாகிவிடாமல் புதுப்பிக்கவும் வேண்டும்.

இங்கு காப்புறுதி வாங்குவதானால், விண்ணப்பத்தில் இரத்த அழுத்தத்தையும் இனிப்பு நீரையும் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரிந்தால், பிரிமியம் கட்டியிருந்தும் இழப்பீடு மறுக்கப்படலாம். பத்திரம் கைக்கு வந்ததும் 15 நாள்களுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. அந்த 15 நாள்களில் விலக்குப் பட்டியலைப் படிப்பது முக்கியம். ஆங்கிலமோ மலாயோ தெரியாத பெற்றோருக்காகப் பிள்ளைகள்தான் அதை உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.