கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?



தேயிலை அமில மண்ணில் வளரும் பயிர். அந்த மண்ணில் ஊறிவரும் ஊற்றுத் தண்ணீரிலும் அமிலம் சற்றுக் கூடியிருக்கலாம். அது வயிற்றைக் கெடுப்பதைவிட, பழைய இரும்புக் குழாயையும் பித்தளைப் பைப்பையும் அரிப்பதே ஆபத்து. துருவோடு ஈயமும் கலந்துவிடலாம். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது.

இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். சாமான் கழுவ எடுங்கள்.

ஆனால் குழாய் மாற்றுவது லயத்துக் குடும்பத்தின் செலவல்ல. குடிநீரின் பிஎச் அளவு 6.5க்குக் குறையக்கூடாது என்கிறது இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614. குளோரின் போட்டதோடு நிர்வாகத்தின் கடமை முடியாது. பிஎச்சும் ஈயமும் சோதித்த அறிக்கையைத் தோட்டக் கமிட்டி எழுத்தில் கேட்கட்டும். அரித்த குழாயை மாற்றும்வரை நாமும் ஓயக்கூடாது.