குட்டிப் பூனைதான் வேண்டுமா?

தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் வட்டாரத்தில் வேண்டாத பூனையை விலக்குவதற்கு ஒரு பழைய வழி உண்டு. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, பைக்கில் வைத்து, இரண்டு ஊர் தள்ளி ஒரு மீன்கடை ஓரத்தில் அவிழ்த்துவிடுவது. வந்த வழி தெரியக் கூடாதென்றுதான் சாக்கு. அப்படியும் நாலாம் நாள் சுவரேறித் திரும்பி வந்த கடுவனைப் பற்றித் தெருவுக்கு ஒரு கதை இருக்கும். திரும்பாதவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இது சட்டப்படி குற்றம் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைத் தண்டனைக்குரிய செயலாக 11ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. முதல் முறை அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதால் பிறந்த சட்டம் அது. அன்றைக்கு 50 ரூபாய் பெரிய பணம். இன்று தூத்துக்குடியில் ஒரு கிலோ சாளை வாங்க அது காணாது.

சாக்குக்குள் போவது பெரும்பாலும் வளர்ந்த பூனைதான். குட்டியென்றால் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று ஈடு போடும் பெட்டைக்கு யாரும் இல்லை. அதோடு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. ஜி.யு. போப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் சாயர்புரம். படித்துவிட்டு வெளியூர் போகிறவர்கள் அதிகம். தனியாக இருக்கும் அம்மாவை மகன் சென்னைக்கோ பெங்களூருக்கோ அழைத்துப் போகிறான். வீடு பூட்டப்படுகிறது. பத்து வருடம் அதே அடுப்படியில் படுத்துக் கிடந்த பூனை காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது.

காப்பகம் இருக்கும் ஊர்களிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 1959இல் சென்னை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் தூக்கி வந்ததிலிருந்து தொடங்கியது புளூ கிராஸ். இன்று அங்கே நாய், பூனை, மாடு என்று எல்லாமும் அடைக்கலம் கேட்டு வருகின்றன. தத்தெடுக்க வருகிறவர்களின் கண்ணோ, உலகத்தின் எந்தக் காப்பகத்திலும் போல, முதலில் குட்டிகள் மேல்தான் விழும். எட்டு வயதுப் பூனை கூண்டின் பின்பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். அதன் பக்கம் யாரும் குனிவதில்லை.

இங்கேதான் கணக்கு தப்புகிறது. வீட்டோடு இருக்கும் பூனை பதினைந்து வருடம் சாதாரணமாக வாழும். டெக்சாஸில் கிரீம் பஃப் என்ற பூனை 1967 முதல் 2005 வரை 38 வருடம் வாழ்ந்து கின்னஸில் இடம்பிடித்தது. எழுபது வயதில் ஒரு தம்பதி குட்டியை வாங்கினால், அந்தப் பூனைக்கு வயதாகும்போது அவர்கள் எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார்கள். மறுபடியும் பூட்டிய வீடு, மறுபடியும் சாக்கு. திரைச்சீலையில் ஏறாத, சார்ஜர் வயரைக் கடிக்காத, அடிபிடி இல்லாத பூனைதான் அந்த வீட்டுக்கு ஏற்றது. வளர்ந்த பூனையின் குணம் பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும். மடியில் ஏறுமா, தள்ளி இருக்குமா, இன்னொரு பூனையைச் சகிக்குமா என்பதைக் காப்பகத்தார் முன்கூட்டியே சொல்லிவிடலாம். குட்டியிடம் அப்படி எதையும் கேட்க முடியாது.

லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் வீட்டுக்கு எலி பிடிக்கப் போன லாரி என்ற பூனையும் குட்டி அல்ல. 2011 பிப்ரவரியில் பேட்டர்ஸீ காப்பகத்திலிருந்து எடுத்து வந்தபோது அதற்கு ஏறத்தாழ நான்கு வயது. கேமரூன் தொடங்கி ஸ்டார்மர் வரை ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. எலி எத்தனை பிடித்தது என்பதில் பத்திரிகைகளுக்கு எப்போதும் சந்தேகம்தான்.

எங்கே திரிந்ததோ, என்ன நோயோ என்ற பயம் வளர்ந்த பூனை மேல் கூடுதலாக விழுகிறது. 2020இல் சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த கன்டெய்னரில் ஒரு பூனை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்பவே முடிவானது. விலங்குநல அமைப்பான பீட்டா இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. பூனை கடைசியில் விடுவிக்கப்பட்டது. பயத்துக்கு மருந்து பரிசோதனையும் தடுப்பூசியும்தான். வெறிநோய் ஊசி, பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை ஆகியவை முடிந்தால் பாதிக் கவலை போய்விடும்.

மீதிக் கவலை வயதுக்குரியது. பல், சிறுநீரகம் இரண்டையும் கவனிக்க வேண்டும். பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கருவாட்டுத் தலையைப் போட்டு வளர்ப்பது நம் கடற்கரைப் பழக்கம். அந்த உப்பு கிழட்டுப் பூனைக்கு ஆகாது. பச்சை நெத்திலியைத் தினமும் போடுவதும் தவறு, வேகவைத்துக் கொடுப்பதே நல்லது. பால்சோறு மட்டும் போட்டால் கண்ணும் இதயமும் கெடும். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. தலைவலி மாத்திரையான பாரசிட்டமால் பூனைக்கு விஷம்.

வந்த புதிதில் வளர்ந்த பூனை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இழுக்கக் கூடாது. ஒரே அறையில் தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். குதிரைமொழித் தேரி மணல்மேட்டின் பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் மணலைப் பாக்கெட்டில் வாங்கத் தேவையில்லை. இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தின்னவில்லையென்றால் மட்டும் பொறுக்கக் கூடாது, ஈரல் கெட்டுவிடும். மூன்று வாரமாவது வெளியே விடாமல் வைத்திருந்தால்தான் பழைய வீட்டைத் தேடிப் போகாது.

சென்னைக் காப்பகத்திலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் பூனையைக் கொண்டுவரச் சொல்வது நடைமுறைக்கு ஆகாது. இங்குள்ள வீடுகளுக்கு இங்குள்ள வளர்ந்த பூனைகளே போதும். அரசு கால்நடை மருந்தகத்தில் மாதம் ஒருநாளைப் பூனைகளின் கருத்தடைக்கென ஒதுக்கலாம். திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; மாணவர்களுக்கும் பயிற்சியாகும். வீடு பூட்டிப் போகிறவர்கள் தங்கள் பூனையின் வயது, குணம், தின்பது எது என்பதை ஒரு தாளில் எழுதி அந்த மருந்தகத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகலாம். சாக்கு தேடும் நேரத்தில் அதை எழுதி முடித்துவிடலாம்.