கடை பெருசு, தெரு சிறுசு

தி.நகர்ல புதுசா ஒரு பெரிய கடை திறந்தா நாம கேட்கிற முதல் கேள்வி, "தள்ளுபடி எவ்வளவு?" இரண்டாவது, "பார்க்கிங் இருக்கா?" மூணாவதா ஒரு கேள்வி இருக்கு, அதை யாரும் கேட்கிறதில்லை. இந்தக் கடைக்கு வர்ற கூட்டத்தை அந்தத் தெரு தாங்குமான்னு, அஸ்திவாரம் தோண்டறதுக்கு முன்னாடி யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தாங்களா? இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல ஒரு வெளியூர் கதை. கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இங்கிள்வுட்னு ஒரு ஊர். அங்கே 60 ஏக்கர்ல பெரிய வளாகம் கட்ட வால்மார்ட் ஆசைப்பட்டது. நகர மன்றத்துல எதிர்ப்பு. உடனே கம்பெனி என்ன பண்ணுச்சு? ஊர்க்காரங்க கிட்ட கையெழுத்து வாங்கி, விஷயத்தை நேரா வாக்கெடுப்புக்கே கொண்டு போயிடுச்சு. அந்தத் தீர்மானம் ஜெயிச்சிருந்தா போக்குவரத்து ஆய்வு, சுற்றுச்சூழல் ஆய்வு, பொது விசாரணை எதுவுமே இல்லாம கட்டடம் எழும்பியிருக்கும். 2004 ஏப்ரல் 6-ந் தேதி வாக்கெடுப்பு. சுமார் 60 சதவீதம் பேர் முடியாதுன்னுட்டாங்க.

வால்மார்ட்னாலே ஆகாதவங்க அதுல நிறைய பேர் இருந்திருப்பாங்க. ஆனா எனக்குப் பிடிச்சது வேற. "கேள்வி கேட்கிற உரிமையை எங்களுக்கு எழுதிக் குடுத்துடுங்க"ன்னு ஒருத்தர் வந்து கேட்டா, ஓட்டுப் போட்டு மாட்டேன்னு சொல்ல அந்த ஊர்ல ஒரு வழி இருந்துச்சு பாருங்க, அது.

அந்த ஊர்ல அப்படி என்னதான் ஆய்வு பண்றாங்க? ரொம்ப சிம்பிள். இத்தனை சதுர அடி கடைன்னா நெருக்கடியான ஒரு மணி நேரத்துல எத்தனை வண்டி உள்ளே வரும், எத்தனை வெளியே போகும்னு பழைய கடைகள்ல எண்ணி வெச்ச அட்டவணை இருக்கு. மளிகையும் சேர்ந்த பெரிய கடை 2 லட்சம் சதுர அடின்னா, வர்றது ஒண்ணு போறது ஒண்ணுன்னு எண்ணினா, ஒரு நாளைக்கு சுமார் பத்தாயிரம் தடவை வண்டி கடக்கும். அதைச் சுத்தி இருக்கிற முனைகள் தாங்குமான்னு பார்த்து ஏ-யிலிருந்து எஃப் வரைக்கும் மார்க் போடுவாங்க. தாங்காதுன்னா சிக்னலோ, திரும்பறதுக்குத் தனிப் பாதையோ, கடைக்காரர் செலவுல போட்டுக் குடுக்கணும். சரக்கு லாரிக்கு வாசல் எங்கே, வாடிக்கையாளருக்கு எங்கேங்கிறதும் வரைபடத்துல இருக்கணும். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்னு "என் வீட்டு வாசல்ல லாரி நிக்குமா?"ன்னு கேட்கலாம். பதில் சொல்லியாகணும்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

தி.நகர் கடை வீதியா பிறந்த ஊர் இல்லை. 1920கள்ல பனகல் பார்க்கை நடுவுல வெச்சு, குடியிருக்கிறதுக்குன்னு போட்ட மனைகள். வீட்டுக்காகப் போட்ட தெருவுலதான் ஏழு மாடி, எட்டு மாடிக் கடைகள் வந்து உட்கார்ந்தது. விதியே இல்லைன்னு சொல்ல முடியாது. உயரமான கட்டடம்னா தீயணைப்புத் துறை, போக்குவரத்துப் போலீஸ்னு ஆளாளுக்குத் தடையில்லாச் சான்று குடுக்கணும். 20,000 சதுர மீட்டரைத் தாண்டினா 2006-ம் வருஷ அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதியும் வாங்கணும். ஆனா அதே அறிவிக்கையில, கட்டடங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லைன்னும் எழுதியிருக்கு! ஆக, எல்லாக் கேள்வியும் ஆபீசுக்குள்ளேயே கேட்டு, ஆபீசுக்குள்ளேயே பதில் சொல்லி முடிஞ்சிடுது. தெருவுல குடியிருக்கிறவனுக்குப் பந்தல் போட்டுத் திறப்பு விழா நடக்கிறப்பதான் தெரியும்.

விதியை மீறினா? அதுக்கும் வழி வெச்சிருக்காங்க. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்துல 1998-ல் 113-ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. 1999 பிப்ரவரி 28 வரைக்கும் விதி மீறிக் கட்டினவங்க பணம் கட்டினா வரன்முறை. ஒரே ஒரு தடவைங்கிறதால 2000-ல் உச்ச நீதிமன்றமும் விட்டுது. அப்புறமும் தேதியைத் தள்ளிக்கிட்டே போனாங்க. 2006-ல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து பண்ணுச்சு. 2012-ல் 113-சி வந்துச்சு, இந்தத் தடவை 2007 ஜூலை 1 வரைக்கும் கட்டினவங்களுக்கு. ஒரே ஒரு தடவைக்கு நம்ம ஊர்ல அர்த்தம் இதுதான் :-)

2011 அக்டோபர் 31-ந் தேதி ரங்கநாதன் தெரு, உஸ்மான் ரோடு பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்கு சீல் வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? 2012 ஜனவரியில பொங்கலுக்கு முன்னாடி தற்காலிகமா திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதி குடுத்துது. பொங்கல் துணி வாங்கப் போன நம்ம யாருக்குமே அதுல ஒரு வருத்தமும் இல்லை.

இதெல்லாம் வெறும் டிராபிக் ஜாம் சமாசாரம்னா நானும் திட்டிட்டுப் போயிடுவேன். 2008 செப்டம்பர்ல ரங்கநாதன் தெருவில் பல மாடிக் கடை ஒண்ணு எரிஞ்சு ரெண்டு ஊழியர்கள் செத்தாங்க. 2017 மே 31 விடியற்காலை உஸ்மான் ரோட்டுல பெரிய ஜவுளிக்கடை பத்திக்கிட்டு ஒரு நாளுக்கு மேல எரிஞ்சுது. கட்டடத்துல ஒரு பகுதி சரிஞ்சு, அப்புறம் மிச்சத்தையும் இடிச்சாங்க. முன்னாடி மேம்பாலம், சுத்தி நெருக்கமான கட்டடங்கள். தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் நிக்கும்? அது கடை திறக்கறதுக்கு முன்னாடி நடந்துது. ஆடித் தள்ளுபடியில ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு நடந்திருந்தா? இந்த இடத்துல நான் நிறுத்திக்கறேன்.

"அப்ப பார்க்கிங் கட்டச் சொல்லணும்"னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம விதிகள்ல கடைக்கு இத்தனை கார் நிறுத்த இடம்னு கணக்கு இருக்கு. ஆனா ரங்கநாதன் தெருவுக்கு யார் கார்ல வர்றா? மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கி நடந்து வர்றவங்கதான் அந்தத் தெருவே. அமெரிக்க அட்டவணையை அப்படியே இங்கே கொண்டு வந்தா இன்னும் நாலு மாடி பார்க்கிங் வரும், அதுக்குக் கார் வரும், நடக்கிறவனுக்கு இருக்கிற இடமும் போகும். அங்கேயே டொனால்ட் ஷூப்னு ஒரு பேராசிரியர், இலவச பார்க்கிங்குக்குக் குடுக்கிற விலையைப் பத்தி 2005-ல் தடிமனா ஒரு புத்தகமே போட்டுத் திட்டியிருக்கார்.

நமக்குத் தேவை ஆளை எண்ணுற ஆய்வு. வாசல்ல பையை வாங்கி வெச்சு டோக்கன் குடுக்கிற வரிசை கடைக்குள்ள நிக்குதா, தெருவுல நிக்குதா? தெருவோட அகலத்துல நடக்க மிச்சம் எத்தனை அடி? நடக்கிறவங்க நெரிசலுக்கும் ஏ முதல் எஃப் வரைக்கும் அளவுகோல் இருக்கு, ஜான் ஃப்ரூயின் 1971-லேயே போட்டுக் குடுத்துட்டார். அதுல எஃப்புக்குக் கீழே எழுத்து இல்லை, இருந்தா தீபாவளி வாரத்து ரங்கநாதன் தெருவுக்குக் குடுக்கலாம்.

கடைக்காரர்கள் பக்கத்து நியாயமும் இருக்கு. தென் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை, நடுத்தரக் குடும்பத்துக்குக் குறைஞ்ச விலையில கல்யாண ஜவுளி. நானும் அங்கேதான் வாங்கறேன். கடையை மூடுன்னு நான் சொல்ல வரலை. ஆனா கூட்டத்தால வர்ற லாபம் கடைக்கு, கூட்டத்தால வர்ற செலவு ஊருக்குங்கிறது என்ன கணக்கு? 2019-ல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம், 2023-ல் மாம்பலம் ஸ்டேஷன்லேர்ந்து பஸ் நிலையம் வரைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை. ரெண்டும் நல்ல காரியம், ரெண்டும் அரசாங்கச் செலவு.

நான் கேட்கிறது மூணே மூணு. பெரிய கடைக்கு மனு வந்தா அந்தத் தெருவுல தமிழ்ல போர்டு வைங்க. எத்தனை பேர் வருவாங்க, சரக்கு எங்கே இறங்கும், தீயணைப்பு வண்டி எங்கே நிக்கும்னு கடைக்காரர் குடுக்கிற கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்க. அனுமதிக்கு முன்னாடி வார்டுல ஒரு நாள் விசாரணை வைங்க. இதுக்கு மேம்பாலம் அளவு பணம் ஆகாது, ஒரு ஷாமியானாவும் நாற்காலியும் போதும்.

கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி பதிவர்களே, இப்ப உங்க ஊர்லயும் ஏழு மாடிக் கடைகள் வந்தாச்சு. உங்க தெருவுல கடை வர்றதுக்கு முன்னாடி யாராவது உங்களைக் கேட்டாங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க.