சொல்லக் கூசும் நோய்

நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் யாழ்ப்பாணத்தார் கலியாணப் பந்தியிலும் பேசுவர். மூட்டு நோவுக்குக் கைமருந்து கூற அயலெங்கும் ஆளுண்டு. ஆயின், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்னும் பெயரை வாய்விட்டுச் சொல்வோர் மிகச் சிலரே. தாய் மகளுக்குச் சொல்வதில்லை. மனைவி கணவனுக்கு உரைப்பதில்லை. இந்த மௌனமே அந்நோய்க்கு உற்ற துணையாய் நிற்கிறது.

இது திடீரென வந்து கொல்லும் நோயன்று. இதற்குக் காரணமான வைரசு பெரும்பாலாரின் உடலிலிருந்து தானே நீங்கிவிடும். சிலரிடத்து மட்டும் நிலைத்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மெல்ல மெல்லப் புற்றாக வளரும். அக்காலத்திலே நோவும் இராது. வேறு குறியும் தோன்றாது. அப்போதே கண்டுகொண்டால் சிறு சிகிச்சையோடு தீர்ந்துவிடும். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, ஏன் போகவேண்டும்?" என்று கேட்பவர்க்கு விடை இதுதான்: வருத்தம் இல்லாத காலத்திற் செய்வதற்கென்றே அமைந்த சோதனை இது.

வசதி இல்லையென்று கூறவும் இடமில்லை. 1996 ஆம் ஆண்டு முதல் இலங்கையிற் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் அங்கே இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தோர் திரட்டிய நிதியால் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலையும் எழுந்தது.

பின்னர் தடுப்பது யாது? ஊர் என்ன நினைக்கும் என்ற அச்சமே. உடலுறவினாற் பரவும் வைரசு என்றதும், சோதனைக்குச் செல்பவளின் ஒழுக்கத்தையே ஐயுறுகிறோம். கணவன் ஒருவனையன்றி வேறெவரையும் அறியாத மனைவிக்கும் இது வரலாம். போரிலே கணவனை இழந்து, "இனி எனக்கு ஏன்?" என்றிருக்கும் பெண்ணின் உடலிலும் பழைய தொற்று உறைந்திருக்கலாம். சோதனை கலங்களை ஆராய்வது, கற்பை ஆராய்வதன்று.

நாணம் நமக்குப் புதியதன்று. ஆண் வைத்தியரிடம் செல்லக் கூசிய பெண்களுக்கென்றே 1898 இல் இணுவிலிலே மக்லியோட் வைத்தியசாலை தோன்றியது. அதற்கும் முன்னரே, 1847 இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்துப் பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கினார். அன்று தமிழ் கூசவில்லை. இன்று தமிழர் கூசுகின்றோம். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமப் பெண்களும் நம்மவரைப் போல் நாணமுடையோரே. பயிற்சிபெற்ற தாதியர் அவர்களை ஒருமுறை சோதித்ததனால் இந்நோயின் இறப்பு 35 வீதம் குறைந்ததென 2007 இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

2017 முதல் ஆறாந் தர மாணவியருக்குத் தடுப்பூசி வழங்கப்படுகிறது. அது மகளைக் காக்கும். அவ்வூசி வருமுன்னரே வளர்ந்துவிட்ட தாயைக் காப்பது சோதனையே. மகளின் ஊசிக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கும் ஆசிரியர், "நீங்கள் சோதித்துக்கொண்டீர்களா?" என்று தாயையும் கேட்கலாகாதா? இனப்பெருக்கம் பற்றிய பாடத்தை மாணவரே வாசித்துக்கொள்ளட்டும் என்று கடந்துபோகும் வழக்கத்தையும் விட்டொழிக்கலாகாதா?

உடலின் உறுப்பொன்றைப் பெயர்சொல்லி அழைப்பது இழுக்கன்று. அதன் பெயரைச் சொல்லக் கூசி ஓர் உயிரை இழப்பதே இழுக்கு.