ஐப்பசி மழை பார்த்த பிறகு மணல் கொட்டுங்கள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் ஐப்பசி வந்தால் தண்ணீர் ஊறும். அப்பா பாவை மூடிவிட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். "மேல சொட்டுற தண்ணியத் துடைச்சிடலாம், கீழேர்ந்து வர்றத என்ன பண்றது?" என்பார். நான் தறியில் உட்காரவில்லை, கட்டட வேலைக்குப் போய்விட்டேன். அந்தப் பேச்சின் அர்த்தம் ஒரு குதிரை மைதானத்தில்தான் எனக்குப் புரிந்தது.

வாலாஜாபாத் பக்கம் ஒருவர் குதிரையேற்றப் பயிற்சிக்குத் தளம் போடச் சொன்னார். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஏறக்குறைய 30 சென்ட். கார் நிறுத்த இடம் போடுவதுபோல நினைத்துக்கொண்டு, களிமண்ணைச் சமன் செய்து மூன்று அங்குலம் மணல் பரப்பினேன். 32 யூனிட் ஆனது. முதல் அடைமழையில் தண்ணீர் வடியாமல் களிமண் மணலோடு குழைந்தது. குதிரை இரண்டு எட்டு வைத்ததும் பின்னங்கால் வழுக்கியது. நல்லவேளை, விழவில்லை. மணல் முழுவதையும் என் செலவில் அள்ளினேன்.

மறுபடி போட்டபோது களிமண்ணை வெட்டி எடுத்து, கிராவல் கொட்டி ரோலர் விட்டோம். நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. சுற்றிலும் ஜல்லி போட்ட வடிகால். மணலையும் கழுவியே போட்டோம். தூசு கலந்தால் கோடையில் புழுதி கிளம்பும். அது குதிரையின் நுரையீரலுக்கு ஆகாது. மணல் ஆழம் கூடினால் காலின் தசைநாண் இழுபடும், குறைந்தால் குளம்பு அதிரும்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியக் குதிரையேற்ற அணி, 41 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றது. அந்த அணியின் நால்வரும் ஐரோப்பாவில் பயிற்சி எடுத்தவர்கள். நம் பிள்ளைகள் இங்கேயே பழக வேண்டுமென்றால் நல்ல தளங்கள் வேண்டும். ஆனால் என்னிடம் விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது வெள்ளை வேலியும் விளக்குக் கம்பமும்தான். தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் கல்குதிரைகள் எத்தனையோ மழையைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தபடியே நிற்கின்றன. உயிர்க்குதிரைக்கு அந்த உறுதி கிடையாது. வலித்தால் வாய்விட்டுச் சொல்லவும் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் ஒரே நிபந்தனை வைக்கிறேன்: அடித்தளம் புரட்டாசிக்குள் முடிய வேண்டும், மணல் தையில்தான். நடுவில் வரும் மழை என் வேலையைப் பார்த்துச் சொல்லட்டும்.