ஊர்மிளாவின் பெயரில் ஒரு பிளவு

1980இல் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கம் ஏன் உடைந்தது என்று கேட்டால், இன்றும் பலர் ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்கிறார்கள். மத்திய குழுவின் தலைவராக இருந்த உமாமகேஸ்வரனுக்கும் ஊர்மிளாவுக்கும் இரகசிய உறவு இருந்தது, இயக்கத்தில் இருப்பவர்கள் காதலிக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அவர் மீறினார், அவரை விலக்க வேண்டும் என்றார் பிரபாகரன்; உமாமகேஸ்வரன் குற்றச்சாட்டை மறுத்தார்; இயக்கம் இரண்டானது. கதை இவ்வளவுதான். சொல்வதற்கும் சுலபம், கேட்பதற்கும் சுவாரசியம். ஆனால் போர் வாசலில் நின்ற ஓர் இயக்கம் காதல் விவகாரத்தில் உடைந்தது என்பதை நான் நம்பவில்லை. முற்றிக்கொண்டிருந்த அதிகாரச் சண்டைக்கு அந்தக் காதல் கைக்கெட்டிய ஆயுதமாக இருந்தது. ஆயுதத்தையே காரணமாக எழுதிவைத்த வரலாற்றைத்தான் நாம் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

சான்று அந்த ஆண்டு நிகழ்வுகளிலேயே இருக்கிறது. காதல்தான் நோய் என்றால், உமாமகேஸ்வரன் விலக்கப்பட்டதோடு இயக்கம் தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. அவர் போன பிறகுதான் சண்டை வலுத்தது. மக்கள் அமைப்பைக் கட்டாமல் துப்பாக்கியை மட்டும் நம்பலாமா, முடிவுகளை ஒருவரே எடுப்பதா என்று எஞ்சியிருந்த தோழர்கள் கேட்டார்கள். அந்த விமர்சனம் தாங்காமல் பிரபாகரனே வெளியேறி, தங்கத்துரை, குட்டிமணி ஆகியோரின் ஆயுதக் குழுவோடு சில காலம் சேர்ந்திருந்தார். ஆரம்ப நாள் முதல் உள்ளே இருந்த கணேஷ ஐயர், ‘ஈழப் போராட்டத்தில் எனது பதிவுகள்’ நூலில் அந்தக் காலத்து விவாதங்களை விரிவாக எழுதியிருக்கிறார். இவற்றில் எதற்கும் ஊர்மிளா காரணமில்லை. ஆனால் அமைப்பு வடிவம் பற்றிய வாதத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? காதல் கதை நின்றுவிட்டது, அரசியல் கேள்வி அடிபட்டுப் போனது. உமாமகேஸ்வரனோடு பிரிந்தவர்கள் புளொட் என்ற தனி இயக்கமானார்கள். 1982 மே 19ஆம் திகதி சென்னைப் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் நேருக்கு நேர் சுட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 23இல் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டு, நாடே பற்றி எரிந்தபோது தமிழ் இளைஞர்களின் துப்பாக்கிகள் ஏற்கெனவே ஒன்றையொன்று குறிபார்த்துப் பழகியிருந்தன.

கட்டுப்பாடு இல்லாமல் இரகசிய இயக்கம் நடத்த முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தலைமறைவில் இருப்பவரின் உறவு பொலிஸுக்குப் பிடியாகலாம். பெண் பிள்ளைகளை நம்பி அனுப்பப் பெற்றோர் தயங்கலாம். அப்படியானால் அந்த விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப மறுத்த தமிழ் மாணவர்கள், யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு 1984 ஜனவரியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். புலிகள் அவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான மதிவதனியை அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் திகதி திருப்போரூர் முருகன் கோயிலில் பிரபாகரன் மணந்தார். அதன் பிறகு இயக்கத்தில் காதலும் கல்யாணமும் நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டன. விதி திருந்தியது நல்லதுதானே என்பார்கள். நல்லதுதான்; தலைவர் காதலித்த பிறகு திருந்தியது என்பதுதான் உறுத்துகிறது. பெண் போராளிகளின் முதல் அணி திண்டுக்கல் அருகே சிறுமலையில் பயிற்சிக்குச் சேர்ந்ததும் அதற்கு அடுத்த ஆண்டுதான். காதலுக்கு இடம் கொடுத்தால் பெண்கள் வரமாட்டார்கள் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது என்பதையும் பார்த்துவிடலாம். 1914இல் முதல் உலகப் போருக்குள் பிரிட்டனை இட்டுச்சென்ற பிரதமர் அஸ்குவித்துக்கு அப்போது வயது 61. தன் மகளின் தோழியான 26 வயது வெனிஷியா ஸ்டான்லிக்கு அவர் எழுதிய கடிதங்களில் சுமார் 560 கிடைத்திருக்கின்றன. அமைச்சரவை கூடியிருக்கும்போதே மேசையில் வைத்து எழுதியவையும் அவற்றில் உண்டு. படை நகர்வு, சகாக்களின் சண்டை எல்லாம் அந்தப் பெண்ணுக்குப் போனது. அந்தப் போருக்கு நம் மலைத் தோட்டங்களிலிருந்தும் துரைமார் கிளம்பினார்கள். இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர் 200க்கும் மேற்பட்டோர் 1914 அக்டோபரில் கொழும்பில் கப்பலேறி எகிப்துக்கும், பிறகு கலிப்போலிக்கும் போனார்கள். அவர்கள் உயிரைப் பாதிக்கக்கூடிய இரகசியம் சாதாரணத் தபாலில் போய்வந்தது. இதுவல்லவா கேள்வி கேட்க வேண்டிய காதல்? உமாமகேஸ்வரனின் உறவால் எந்த இரகசியம் கசிந்தது என்று எவரும் காட்டியதில்லை. அஸ்குவித்தை அதற்காக எவரும் விலக்கவுமில்லை. 1915 மே மாதம் வெனிஷியாதான் அவரை விலக்கினார். அமைச்சரவையில் இருந்த எட்வின் மொண்டேகுவை மணக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அவர் அஸ்குவித்துக்கு எழுதிய பதில்கள் இன்று இல்லை. ஆணின் குரல் புத்தகமாகிவிட்டது, பெண்ணின் குரல் அழிந்துபோனது.

இதெல்லாம் வடக்கின் பழங்கணக்கு, உடப்புசல்லாவை லயத்தில் இருப்பவருக்கு என்ன என்று தோன்றலாம். 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் போனவர்களைக் குடியேற்றியது காந்தியம் அமைப்பு. அதில் உழைத்த சந்ததியார் போன்றவர்கள் பிளவுக்குப் பிறகு புளொட் பக்கம் நின்றார்கள். பின்னர் அந்த இயக்கத்துக்குள்ளேயே சந்ததியார் கொல்லப்பட்டார். காந்தியத்தை நடத்திய டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொல்லப்பட்டார். அதே வாரம் நுவரெலியா நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. யார் தலைவர் என்ற சண்டையில் நம் ஆட்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அடி மட்டும் எல்லாப் பக்கமும் விழுந்தது.

செத்துப்போனவர்களின் அந்தரங்கத்தைக் கிளறலாமா என்பது கடைசி ஆட்சேபம். அந்தரங்கம் ஏற்கெனவே கிளறப்பட்டாயிற்று, அதுவும் ஒரு தரப்பு மட்டும் பேசி. உமாமகேஸ்வரனை அவரது இயக்கத்தினரே 1989 ஜூலையில் கொழும்பில் கொன்றார்கள். அவரைப் பற்றிச் சொல்ல நல்லதும் கெட்டதுமாக நிறைய இருக்கிறது, அவரது இயக்கத்தினர் நடத்திய மாலைதீவுப் படையெடுப்பு உட்பட. ஊர்மிளாவைப் பற்றி அந்த ஒரு வரிதான். 1978 ஏப்ரலில் அதுவரை நடந்த கொலைகளுக்குப் புலிகள் உரிமை கோரிய கடிதம் உமாமகேஸ்வரனின் கையொப்பத்தோடு வெளிவந்து, அடுத்த மாதமே இயக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் ஊர்மிளா என்று அக்கால வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். பிடிபட்டிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. புலிகளில் சேர்ந்த முதல் பெண் அவர். அந்த நாட்களில் அவரோடு வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1980 பிளவைப் பற்றி இனி எழுதுகிறவர்கள், அவர் யாரைக் காதலித்தார் என்பதை விட்டுவிட்டு அவர் என்ன வேலை செய்தார் என்பதை எழுதட்டும்.