கள்ளன் கடல் இல்லை

கடலைப் பற்றி எழுதும் நண்பர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. கடலோடிக்குக் காற்றும் நீரும் அத்துப்படி, அவனுக்கு எதுக்கு வானிலை அறிக்கை என்று உருகி உருகி எழுதுகிறீர்கள். எனக்கு ஊர் பெரியதாழை, தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடி. எங்க சித்தப்பாவுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எல்லாம் தெரியும். வாநீவாடா சோநீவாடா என்று தண்ணீரைப் பார்த்தே சொல்வார். 2024 மே மாதம் ஒரு காலையில் காற்று இல்லை, மேகம் இல்லை. கரையில் கிடந்த அவர் வள்ளத்தைக் கடல் தூக்கிப் பக்கத்து வள்ளத்தின் மேல் போட்டது. "ஒரு அடையாளமும் காட்டலியேல" என்றார்.

எப்படிக் காட்டும்? அடையாளம் இருந்த இடம் ஆறாயிரம் கிலோமீட்டர் தெற்கே. தென்கோளத்தில், நாற்பது டிகிரிக்குக் கீழே, நிலம் அதிகம் குறுக்கிடாமல் உலகைச் சுற்றி மேலைக்காற்று வீசும் கடல் அது. அங்கே எழும்பும் புயலின் அலைகள் புயலை விட்டுப் பிரிந்து வடக்கே கிளம்புகின்றன. இருபது நொடிக்கு ஓர் அலை என்றால், ஆழ்கடலில் இரண்டு அலைகளுக்கு நடுவே 600 மீட்டருக்கு மேல் இடைவெளி. அந்தக் கூட்டம் மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தில் வரும். நம்ம அரசுப் பேருந்து வேகம்தான். நாலைந்து நாளில் நம் கரை.

இதற்குத்தான் கள்ளக்கடல் என்று பெயர். கேரளத்து மீனவர்கள் வைத்த பெயரை 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. நாலு நாளைக்கு முன்பே ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டு வருகிறவனை யாராவது கள்ளன் என்பார்களா?

குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏன் குலசை? அங்கிருந்து நேர்தெற்கே பெரிய நிலம் எதுவும் இல்லை, திறந்த கடல். ராக்கெட் போகப்போகும் அதே வழியில்தான் அந்த அலை வருகிறது. போகிற வழிக்கு இத்தனை கணக்கு, வருகிற வழிக்கு?

கணக்கு இருக்கிறது. அது கரைக்கு வந்து சேரும் வடிவம்தான் என் புகார். தொலைக்காட்சியில் வருவது ஒரே வரி: "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." இந்த அலை ஆழத்தில் வள்ளத்தை ஒன்றும் செய்யாது, மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போய்விடும். அது அடிப்பது கரையில். ஆபத்து கட்டிக்கிடக்கும் வள்ளங்களுக்கு, கரையேறும் நேரத்துக்கு, மணலில் நிற்பவனுக்கு. படகுகளை இடைவெளி விட்டுக் கட்டுங்கள், கடற்கரைக்குப் போகாதீர்கள் என்று இன்காய்ஸ் எழுதத்தான் செய்கிறது. தலைப்புச் செய்தியில் அது இருக்காது. அந்த மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். மீனவர்கள் இல்லை. எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது.

மே மாதம் என்பதையும் கவனியுங்கள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். மாட்டுவது நாட்டுப்படகுக்காரன். "போகாதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் நாளுக்கு அவனுக்கு யார் கூலி கொடுப்பது? நாலு தடவை சும்மா உட்கார்ந்தவன் ஐந்தாம் தடவை நம்ப மாட்டான்.

மழையிலும் இதே கதைதான். 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் 'அதி கனமழை'. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதற்கும் அதே வார்த்தை.

துல்லியமாகச் சொல்ல அரசுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இதே கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அதிகாரிகள் முன்கூட்டியே பார்களை ஆய்வு செய்து, மாதிரிச் சிப்பி எடுத்து, முத்தை மதிப்பிட்டு, எந்தப் பார், எந்தத் தேதி என்று விளம்பரம் செய்தார்கள். 'பார்' என்ற குளியாளியின் சொல் ஆங்கில அறிக்கைகளில் அப்படியே ஏறியது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. அக்கறை எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

தெற்கே நிலைமை இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. ஓசோன் ஓட்டையாலும் நாம் விடும் புகையாலும் அந்த மேலைக்காற்று கடந்த சில பத்தாண்டுகளில் வலுத்து, துருவத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. பூமி கூடுதலாகச் சேர்த்த வெப்பத்தில் பெரும்பங்கைக் கடல்தான் விழுங்குகிறது. அதிலும் தென்கடலின் பங்கு அதிகம். ஆனால் அளவெடுக்கும் மிதவைகள் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். சித்தப்பாவின் காற்றறிவை வைத்து இதைப் பிடிக்க முடியாது. அவரை ஞானியாக்கிக் கவிதை எழுதுவதைவிட, அவருக்கு நாலு விவரம் வாங்கிக் கொடுக்கக் குரல் கொடுங்கள்: எந்த ஊர்க் கரை, எத்தனை மணிக்கு, அலைக்கு அலை எத்தனை நொடி, அமாவாசை ஏற்றத்தோடு சேருகிறதா.

இப்போதெல்லாம் இன்காய்ஸ் பக்கத்தைப் பார்த்து நான் போன் பண்ணுகிறேன். காற்றின் வேகத்தைச் சொன்னால் அவர் காதில் வாங்குவதில்லை. "நொடி எத்தனைன்னு சொல்லு" என்கிறார். பதினெட்டு என்றால் வள்ளத்தை மேட்டுக்கு ஏற்ற ஆள் கூப்பிடப் போய்விடுவார்.